எஞ்சினை அணைத்த பிறகு டர்போவுக்குள் ஓடும் தண்ணீர்

தூத்துக்குடியில் தாளமுத்துநகர் பக்கமோ எட்டயபுரம் சாலையிலோ ஏதாவது ஒரு கார் பட்டறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் இந்தப் பேச்சு காதில் விழும். "அண்ணாச்சி, டர்போவுக்குப் போற வாட்டர் லைன்ல கசியுது. புது பைப் வர ஒரு வாரம் ஆவும். இப்போதைக்கு ரெண்டு ஓசையும் ஒண்ணா சேத்து பைபாஸ் பண்ணி விட்டுருதேன். வண்டி பாட்டுக்கு ஓடும்." வண்டிக்காரரும் தலையாட்டுகிறார். வண்டி ஓடத்தான் செய்கிறது. சூடு காட்டும் முள் ஏறவில்லை, இழுவை குறையவில்லை, தண்ணீர் கசிவும் நின்றுபோயிற்று. அந்த 'இப்போதைக்கு' நீண்டு ஒரு வருஷமாகிவிடுகிறது.

மாப்பிள்ளையூரணி வட்டாரத்தில் டர்போ வைத்த பெட்ரோல் கார்கள் பெருகிவிட்ட இந்த நேரத்தில் இதைப் பற்றிப் பொறுமையாகப் பேசியாக வேண்டும். பைபாஸ் செய்கிற மெக்கானிக் யாரையும் ஏமாற்றவில்லை. அவர் தொழில் கற்றது டீசல் வண்டிகளில். அந்த வண்டிகள் பலவற்றில் டர்போவுக்கு ஆயில் லைன் மட்டும்தான் வரும், தண்ணீர் லைனே கிடையாது. தண்ணீர் இல்லாமலே அவை லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியதைக் கண்ணால் பார்த்தவருக்கு, பெட்ரோல் காரின் டர்போவில் இருக்கும் அந்த இரண்டு மெல்லிய தண்ணீர்க் குழாய்கள் கூடுதல் ஆடம்பரமாகத் தெரிவதில் வியப்பில்லை.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 மாசு விதிகள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. சின்ன டீசல் எஞ்சினை அந்த விதிக்குள் கொண்டுவரச் செலவு அதிகமாகும் என்பதால் மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. மற்ற நிறுவனங்களும் சின்னக் கார்களில் டீசலைக் குறைத்தன. டீசலின் இழுவைக்குப் பழகியவர்களைப் பிடித்துவைக்க, ஒரு லிட்டர், ஒன்றேகால் லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் டர்போ மாட்டும் வழக்கம் வேகம் பிடித்தது. டாடா நெக்ஸான், ஹூண்டாய் வென்யூ, நிசான் மேக்னைட், மாருதி ஃப்ரான்க்ஸ் என்று நம் தெருவில் நிற்கும் வண்டிகளிலேயே இந்த மாற்றத்தைப் பார்க்கலாம். வண்டி மாறிய வேகத்துக்குப் பட்டறைப் பழக்கம் மாறவில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

டர்போ நமக்குப் புதிய பொருள் இல்லை. ஆல்ஃபிரட் பூச்சி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905-லேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். அது முதலில் பெரிய அளவில் வேலைக்கு வந்த இடம் கப்பல். 1920களின் நடுவில் இரண்டு ஜெர்மானியப் பயணிகள் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் பொருத்தினார்கள். 1,750 குதிரைத்திறன் தந்த எஞ்சின் 2,500 குதிரைத்திறன் தந்தது. இன்று வ.உ.சி. துறைமுகத்துக்கு வந்துபோகும் சரக்குக் கப்பல்களின் பிரதான எஞ்சின்களிலும் அதே யோசனைதான் வேலை செய்கிறது. விற்பனைக்கு வந்த கார்களில் டர்போ ஏறியது 1962-ல், அமெரிக்காவில். அதன் நடுக்கூட்டுக்குள் தண்ணீரைச் சுற்றவிடும் அமைப்பு கார்களில் பரவலானது 1980களில்தான். இந்த இடைவெளியில் கிடைத்த முக்கியமான பாடமே நம் பேச்சின் மையம்.

டர்போவின் அமைப்பு மிக எளிது. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு பக்கத்துச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே ஷாஃப்ட்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காரில் இருக்கும் டர்போவில் இந்த இரண்டு சக்கரங்களுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு உள்ளங்கை அகலம்கூட இருக்காது. பெட்ரோல் எஞ்சினில் புகைப் பக்கம் 950 டிகிரி செல்சியஸைத் தொடும், சிலவற்றில் அதையும் தாண்டும். டீசலில் பெரும்பாலும் 800 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். டீசல் டர்போ தண்ணீர் இல்லாமல் பிழைத்ததற்கும் பெட்ரோல் டர்போ பிழைக்காததற்கும் முதல் காரணம் இந்த வேறுபாடு.

இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் இருப்பது பேரிங் இருக்கும் கூடு. மேலேயிருந்து மெல்லிய லைன் வழியாக ஆயில் வந்து, பேரிங்கை நனைத்து, கீழே உள்ள தடித்த குழாய் வழியாக எஞ்சினுக்கே வடிகிறது. சின்ன டர்போவில் ஷாஃப்ட் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுவரை சுற்றும். பேரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. அந்த இடைவெளியில் நிற்கும் ஆயில் படலம்தான் ஷாஃப்ட்டைத் தாங்குகிறது. கூட்டின் பக்கவாட்டில் இரண்டு துளைகள் இருக்கும். தண்ணீர் ஒன்றில் நுழைந்து, பேரிங்கைச் சுற்றியுள்ள அறையில் ஓடி, மற்றொன்றில் வெளியேறுகிறது. தண்ணீரும் ஆயிலும் அதற்குள் ஒருபோதும் சந்திப்பதில்லை.

வண்டி ஓடும்போது சூட்டைக் கடத்தும் வேலையில் பெரும்பங்கை ஆயிலே செய்துவிடுகிறது. தண்ணீர் லைனின் அசல் வேலை நாம் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்த பிறகுதான் தொடங்குகிறது.

மதுரையிலிருந்து நான்கு வழிச்சாலையில் வேகமாக வந்த வண்டி ஒன்று புதூர்பாண்டியாபுரம் சுங்கச்சாவடியைத் தாண்டி, கொஞ்ச நேரத்தில் வீட்டு வாசலில் நின்று, உடனே அணைக்கப்படுகிறது என்று வையுங்கள். ஆயில் பம்ப் நின்றுவிட்டது. பேரிங்குக்குள் இருந்த ஆயில் அப்படியே நிற்கிறது. பக்கத்தில் இருக்கும் புகைப் பக்கத்து இரும்புக் கூடோ இன்னும் சிவக்கக் காய்ந்திருக்கிறது. வீசும் காற்றும் இல்லை. அந்தச் சூடு போக வழியில்லாமல் நடுக்கூட்டுக்குள் ஊர்ந்து வருகிறது. பேரிங்கின் சூடு எஞ்சின் ஓடியபோது இருந்ததைவிட, அணைத்துச் சில நிமிஷங்கள் கழித்துத்தான் உச்சத்தைத் தொடுகிறது. நின்றுபோன ஆயில் அங்கே வெந்து கரியாகிறது. அந்தக் கரி ஆயில் பாதையின் ஓரத்தில் ஒட்டும், பேரிங்கில் ஒட்டும், ஷாஃப்ட்டின் சீல் வளையத்தில் ஒட்டும். ஒருநாளில் ஒன்றும் தெரியாது. நூறு தடவை, இருநூறு தடவை இப்படி வெந்த பிறகு ஆயில் பாதை சுருங்கி, ஷாஃப்ட் ஆட்டம் கண்டு, புகைக்குழாயில் நீலப் புகை வரும்.

கூட்டைச் சுற்றித் தண்ணீர் இருந்தால் கதை வேறு. எஞ்சின் நின்றதும் தண்ணீர் பம்பும் நின்றுவிடும், உண்மைதான். ஆனாலும் கூட்டுக்குள் சூடேறும் தண்ணீர் லேசாகி, ஓரளவு ஆவியாகி, மேல்பக்கத்து லைன் வழியாக எழும்பும். அது விட்ட இடத்தை நிரப்பக் கீழ்ப்பக்கத்து லைனிலிருந்து குளிர்ந்த தண்ணீர் தானாக ஏறி வரும். பம்ப் இல்லை, மின்சாரம் இல்லை. சூடும் புவியீர்ப்பும் சேர்ந்து செய்கிற சுற்றோட்டம் இது. பேரிங்கின் சூடு ஆயிலைக் கரியாக்கும் அளவுக்கு ஏறாமல் பிடித்துவைப்பது இந்த ஓட்டம்தான்.

இது நடக்கத் தண்ணீர் வெளியேறும் துளை, நுழையும் துளையைவிட மேலே இருக்க வேண்டும். டர்போ தயாரிக்கும் காரெட் நிறுவனம், நடுக்கூட்டைக் கிடைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 20 டிகிரி சாய்த்துப் பொருத்தினால் அணைத்த பிறகு ஏறும் சூடு நன்றாகக் குறைகிறது என்று சொல்கிறது. கார் நிறுவனம் அந்தக் குழாய்களை வளைத்த விதமும் இதற்காகத்தான். வெளியேறும் லைன் எங்கும் இறங்காமல் ரிசர்வ் டப்பாவை நோக்கி ஏறிக்கொண்டே போகும். இதை அறியாமல், பழைய இரும்புக் குழாய்க்குப் பதில் நீளமான ஓஸ் ஒன்றை வாங்கி, அதை எஞ்சின் மேல் ஒரு மேடு, பக்கத்தில் ஒரு பள்ளம் என்று விருப்பப்படி வளைத்து மாட்டினால், மேட்டில் ஆவி தங்கிவிடும். கசிவு இல்லை, ஓஸ் புதுசு, தண்ணீர் நிறைய இருக்கிறது. ஆனால் அணைத்த பிறகு நடக்க வேண்டிய ஓட்டம் மட்டும் நடக்காது. பைபாஸுக்கு அடுத்தபடியாக நம் பக்கத்தில் நடக்கும் பெரிய தவறு இதுவே என்பது என் எண்ணம். பைபாஸ் செய்தவருக்காவது தான் என்ன செய்தோம் என்பது தெரியும். இதில் அதுவும் தெரியாது.

பைபாஸ் செய்தும் முள் ஏறவில்லையே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. டேஷ்போர்டில் உள்ள முள் காட்டுவது எஞ்சினுக்குள் சுற்றும் தண்ணீரின் சூட்டை. டர்போ பேரிங்கின் சூட்டைக் காட்ட அங்கே எதுவும் இல்லை. டர்போவின் சூடு தண்ணீருக்குள் வராததால் முள் ஒரு இம்மி கீழே இறங்கினாலும் இறங்கும். கெடுதி நடப்பதோ வண்டி நின்று, சாவியை எடுத்துக்கொண்டு நாம் வீட்டுக்குள் போன பிறகு. எட்டு மாதமோ ஒரு வருஷமோ கழித்து டர்போ போகும்போது, அதற்கும் பழைய பைபாஸுக்கும் தொடர்பு உண்டு என்று யாருக்கும் தோன்றுவதில்லை. டர்போவின் தரத்தைக் குறை சொல்லிவிட்டு, புதிய டர்போ வாங்கி, அதே பைபாஸோடு மாட்டுகிறார்கள்.

இனி தண்ணீரைப் பற்றி. நம் ஊருக்கு இது தனிக் கவலை. மாப்பிள்ளையூரணியைச் சுற்றி உப்பளம். நிலத்தடி நீர் வாயில் வைக்க முடியாத உப்பு. தாமிரபரணித் தண்ணீர் வரும் நாளில் பிடித்துவைத்துக் குடிக்கிறோம். காரில் தண்ணீர் குறைந்தால் மட்டும் கையில் கிடைத்ததை ஊற்றுகிறோம், பெரும்பாலும் போர் தண்ணீரை. உப்பளத்துப் பாத்தியில் என்ன நடக்கிறது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வெயில் ஏற ஏறத் தண்ணீர் போய்விடும். முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படியும், பிறகு உப்பு பூக்கும். டர்போ கூட்டின் தண்ணீர் அறையிலும் எஞ்சினை அணைக்கும் ஒவ்வொரு முறையும் இதேதான் நடக்கிறது. புகைப் பக்கத்துச் சுவரை ஒட்டிய தண்ணீர் ஆவியாகிறது; அதில் கரைந்திருந்தது சுவரிலேயே தங்குகிறது. அந்தப் படிவு சூட்டைத் தண்ணீருக்கு விடாது. அறையும் சின்னது, துளையும் சின்னது என்பதால் ரேடியேட்டர் அடைபடுவதற்கு முன்பே டர்போவின் வழி அடைபட்டுவிடும்.

ஒரே ஒரு தடவை அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றியதால் வண்டி கெட்டுவிடாது. மூடிய சுற்றுக்குள் இருக்கும் உப்பும் சுண்ணாம்பும் அளவோடுதான் இருக்கும். கசிவைச் சரிசெய்யாமல் வாரா வாரம் ஒரு பாட்டில் ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் கேடு. ஒவ்வொரு பாட்டிலும் புதிதாகச் சுண்ணாம்பைக் கொண்டுவந்து சேர்க்கிறது. போர் தண்ணீரில் உள்ள குளோரைடு வேறு அலுமினியத்தை ஊசி குத்தியதுபோல் துளைக்கும். இன்றைய எஞ்சின் ஹெட்டும் ரேடியேட்டரும் அலுமினியம்தானே.

'நம்ம ஊரில் பனியா உறையுது, கூலன்ட் எதற்கு?' என்பதும் அடிக்கடி கேட்கும் கேள்வி. கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் உறைவதைத் தடுக்கும், அது நமக்குத் தேவையில்லை. கொதிநிலையைக் கொஞ்சம் உயர்த்தும். சரிபாதி கலவை, 1.1 பார் அழுத்த மூடியோடு, 130 டிகிரியை நெருங்கித்தான் கொதிக்கும். வெறும் தண்ணீர் அதே மூடியோடு 120-ஐச் சற்றுத் தாண்டிக் கொதிக்கும். வேறுபாடு சிறிது என்றாலும் டர்போ அறைக்குள் அந்தச் சில டிகிரிக்கு மதிப்பு உண்டு. நமக்கு அதைவிடப் பெரிய லாபம் கூலன்ட்டில் கலந்திருக்கும் துருத் தடுப்பு மருந்துகள். உப்புக் காற்றில் வாழும் வண்டிக்கு அதைத் தவிர்ப்பது எந்த வகையிலும் சிக்கனமில்லை. டப்பாவில் ஐ.எஸ். 5759 என்ற இந்தியத் தரக் குறியீட்டைப் பாருங்கள். உங்கள் காருக்கு நிறுவனம் சொன்ன வகையையே வாங்குங்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறம் வெறும் சாயம். நிறம் ஒன்றாக இருப்பதால் மட்டும் இரண்டு வகை ஒத்துப்போகும் என்று நம்பக் கூடாது. சில வகைகள் கலந்தால் கூழாகிவிடும். கெட்டியான கூலன்ட் வாங்கினால் அதில் சேர்க்க டிஸ்டில்டு வாட்டர் வேண்டும். பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் 'பேட்டரி தண்ணி' என்று கேட்டால் தருவார்கள்.

லைனைக் கழற்றி மாட்டும் வேலைக்கு வருவோம். கழற்றுவதற்கு முன் கசிவு எங்கே என்று உறுதிசெய்வது முதல் வேலை. ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பை மாட்டி, மூடியில் எழுதியுள்ள அழுத்தம் வரை ஏற்றிவிட்டுக் காத்திருந்தால், ஆறிய எஞ்சினிலேயே கசிவு தெரிந்துவிடும். பல நேரம் கெட்டது குழாயாக இருக்காது. ஒரு வாஷராகவோ தளர்ந்த ஓஸ் கிளிப்பாகவோ இருக்கும். காய்ந்துபோன கூலன்ட் வெள்ளையாகவோ சாய நிறத்திலோ தடம் விட்டிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் இடம் கிடைக்கும். நம் பக்கத்தில் வெப்பத் தகட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் இரும்புக் குழாயைக் கட்டாயம் பார்க்க வேண்டும். உப்புக் காற்றும் சூடும் மாறி மாறித் தாக்குவதால் அங்கே ஊசித்துளை அளவில் துரு தின்றிருக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த அந்த மழையில், நாள்கணக்கில் தண்ணீருக்குள் நின்ற கார்களில் இதை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்கச் சொல்வேன்.

எஞ்சின் முழுதாக ஆற வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பாயும். வெந்த முகங்களைப் பார்த்த எந்த மெக்கானிக்கும் இதைச் சாதாரணமாகச் சொல்ல மாட்டார். ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் தொடங்குவதே நல்லது. கூலன்ட்டை வடித்த பிறகு, எந்த ஓஸ் எந்தத் துளைக்குப் போகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள், போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டின் மேலே வரும் மெல்லிய லைன் ஆயில் லைன், அடியில் இருப்பது ஆயில் வடிகால், பக்கவாட்டில் இருப்பவை தண்ணீர். ஆயில் லைனையும் கழற்ற வேண்டியிருந்தால் அந்தத் துளையை உடனே சுத்தமான மூடியால் அடைத்துவிட வேண்டும். பனியன் துணியைச் செருகி வைத்தால் அதன் நூலே உள்ளே போகும். பேரிங்கைக் கெடுக்க அவ்வளவு தூசு போதும்.

லைன் டர்போவில் சேரும் இடத்தில் பெரும்பாலும் பேஞ்சோ போல்ட் இருக்கும். அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் நடுவில் நீளவாக்கில் குடைந்திருப்பது தெரியும். கழுத்துப் பக்கம் குறுக்கே துளை இருக்கும். குழாயின் நுனியில் உள்ள வளையத்துக்குள் இந்தப் போல்ட் நுழைகிறது. வளையத்துக்கு இந்தப் பக்கம் ஒரு செம்பு வாஷர், அந்தப் பக்கம் ஒரு செம்பு வாஷர். கழற்றிய பழைய வாஷரை எடுத்து அதன் மேல் நகத்தால் வருடிப் பாருங்கள். வட்டமாக ஒரு பள்ளம் நகத்தில் தட்டும். முதல் தடவை முறுக்கியபோது மிருதுவாக இருந்த செம்பு நசுங்கி, அந்த இடத்தின் ஒவ்வொரு கீறலையும் நிரப்பி, இறுகிவிட்டது. இனி இன்னொரு தடவை அதே மாதிரி நசுங்காது. சில பேர் அதைத் திருப்பிப் போட்டு மாட்டுவார்கள். அனுபவசாலிகள் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக்குவார்கள். செம்பு இளகும், ஆனால் பள்ளம் போகாது, தடிமனும் திரும்பாது. புது வாஷர் சில ரூபாய்தான். நான்கு வாஷரையும் புதிதாகப் போடுவதைத் தவிர இதில் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பேஞ்சோ போல்ட் உள்ளே குடைந்தது என்பதை முறுக்கும்போது மறக்கக் கூடாது. கசியுமோ என்ற பயத்தில் பலம் போட்டால் கழுத்தில் ஒடியும். பாதி உள்ளேயே நின்றுவிடும். பிறகு டர்போவையே இறக்க வேண்டியதுதான். நிறுவனம் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் முறுக்க வேண்டும். முறுக்கும்போது போல்ட்டோடு சேர்ந்து குழாயும் திரும்பும். இன்னொரு கையால் குழாயைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் அது மேனிஃபோல்டில் உரசும் இடத்துக்குப் போய் நிற்கும். கழற்றும்போது துருப்பிடித்து அடம்பிடிக்கும் போல்ட்டுக்கு முதல்நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைப்பது நலம்.

ஓஸ் விஷயத்தில் கடைக்காரர் நீட்டுவதையெல்லாம் வாங்க முடியாது. பெட்ரோலுக்கான ஓஸும் தோட்டத்துக் குழாயும் டர்போ பக்கத்தில் நிற்காது. கூலன்ட்டுக்கென்றே செய்த, சூடு தாங்கும் ஓஸ் வேண்டும். அதற்கு மேல் வெப்ப உறை இருந்தால் அதையும், கழற்றிய வெப்பத் தகட்டையும் மறுபடி மாட்ட வேண்டும். பட்டறை மூலையில் கிடக்கும் அந்தத் தகடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். 'சும்மா சத்தம் போடுது' என்று கழற்றிப் போட்டவை அவை. புதிய ஓஸ் ஆறு மாதத்தில் கருகுவதற்கு அதுவே காரணம். குழாயின் துளையை எம்-சீல் வைத்து அடைப்பதும் இதே ரகம். ஒரு மணி நேரம் நிற்கும், ஒரு மாதம்கூட நிற்கலாம். விட்டுப்போகிற அன்று கூலன்ட் நேரே காய்ந்த மேனிஃபோல்டில் விழும். தண்ணீர் ஆவியாகிப்போன பிறகு மிஞ்சும் கிளைக்கால் அந்தச் சூட்டில் தீப்பிடிக்கக்கூடியது.

மாட்டி முடித்தபின் காற்றை வெளியேற்றும் வேலையில்தான் அவசரம் காட்டுகிறார்கள். தண்ணீரை டப்பா நிறைய ஊற்றிவிட்டால் உள்ளேயும் நிறைந்துவிட்டது என்று பொருளில்லை. டர்போ அறைக்குள் காற்று தங்கியிருந்தால் அங்கே தண்ணீர் ஓட்டமே இராது. காற்று வெளியேறும் திருகு இருக்கும் வண்டியில் அதைத் திறந்து, குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை மெதுவாக ஊற்ற வேண்டும். காருக்குள் ஹீட்டரை முழுச் சூட்டில் வைக்க வேண்டும். நம் ஊரில் யாருமே தொடாத பொத்தான் அது, இந்த வேலைக்கு மட்டும் தேவை. எஞ்சினை ஸ்லோவில் ஓடவிட்டு, ரேடியேட்டர் ஃபேன் ஒரு தடவை ஓடி நிற்கும்வரை காத்திருந்து, ஓஸ்களை எச்சரிக்கையாக அமுக்கிவிட்டுப் பார்க்கலாம். கூலன்ட்டை வெற்றிடத்தால் இழுத்து நிரப்பும் கருவி இருக்கும் பட்டறையில் இந்த வேலை பாதியாகக் குறையும். மறுநாள் காலை, ஆறிய எஞ்சினில், டப்பாவின் இரண்டு கோட்டுக்கும் நடுவில் அளவு நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் வண்டியைக் கொடுக்க வேண்டும். அளவு கொஞ்சம் இறங்கியிருந்தால் உள்ளே காற்று இருந்தது என்று அர்த்தம். மறுபடி மறுபடி இறங்கினால் கசிவு வேறெங்கோ இருக்கிறது.

வடித்த கூலன்ட்டைச் சாக்கடையில் விடாதீர்கள். அது இனிக்கும் விஷம். நாய், ஆடு, கோழி எது நக்கினாலும் சிறுநீரகம் போய்ச் சாகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிவைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிட வேண்டும்.

லைனை அடியோடு எடுத்துவிட்டு ஓட்டவே கூடாதா? ஆயிலால் மட்டுமே குளிரும்படி வடிவமைத்த டர்போவாக இருந்தால் ஓட்டலாம். தண்ணீருக்கென்று அறை வைத்த டர்போவை, அதுவும் பால் பேரிங் வைத்ததை, தண்ணீர் இல்லாமல் ஓட்டக் கூடாது. டர்போவைப் பழுதுக்கு அனுப்பிவிட்டு வண்டியை நகர்த்த மட்டும் இரண்டு ஓஸையும் சேர்த்து வைக்கலாம், தவறில்லை. டர்போ வண்டியிலேயே இருக்கும்போது அதன் தண்ணீர்த் துளைகளை மட்டும் போல்ட் போட்டு அடைத்துவிடுவது ஆபத்து. உள்ளே கொஞ்சம் தண்ணீர் சிக்கியிருந்தாலும் அது ஆவியாகி விரிய வழியில்லாமல் கூட்டையே பிளக்கப் பார்க்கும். எஞ்சின் பக்கத்தில் அடைப்பதும் யோசித்துச் செய்ய வேண்டியது. சில வண்டிகளில் அதே தண்ணீர்தான் ஹீட்டருக்கும் போய்த் திரும்புகிறது.

நடைமுறைச் சங்கடம் எனக்குப் புரிகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேம்பார் தாண்டி ஓஸ் வெடித்து, குடும்பத்தோடு நிற்பவரிடம் பாடம் நடத்த முடியாது. அங்கே இரண்டு ஓஸையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, ஆக்ஸிலேட்டரை மெதுவாகத் தொட்டு, அணைப்பதற்கு முன் இரண்டு மூன்று நிமிஷம் ஸ்லோவில் ஓடவிட்டு வீடு வந்து சேரலாம். மறுநாள் அதைச் சரிசெய்ய வேண்டும், அவ்வளவுதான். இதில் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது முறையாகாது. 'சாயந்தரம் வண்டி வேணும், கல்யாணத்துக்குப் போகணும்' என்று தலைமேல் நிற்பவர் நாம். அவர் ஒரு வாரம் கேட்டால் கொடுப்போம். வாஷர், கூலன்ட், காற்று எடுக்கும் நேரம் இவற்றுக்கான கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்போம்.

டீசல் ஓட்டியவர்களின் பழைய பழக்கம் ஒன்றைத் தண்ணீர் லைன் வைத்த வண்டியிலும் விடவேண்டியதில்லை. நெடுந்தூரம் வேகமாக வந்த பிறகு ஒரு நிமிஷம் ஸ்லோவில் விட்டு அணைப்பது டர்போவுக்கு நல்லதுதான். ஊருக்குள் நிதானமாக வந்த வண்டிக்கு அது தேவையில்லை. சில கார்களில் அணைத்த பிறகும் முன்பக்கத்திலிருந்து மெல்லிய இரைச்சல் சில நிமிஷம் வரும். டர்போவுக்குத் தண்ணீர் தள்ளும் சின்ன மின்பம்ப் அது, அல்லது ஃபேன். கோளாறு என்று நினைத்து பேட்டரி வயரைப் பிடுங்க வேண்டாம்.

தூத்துக்குடி சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்டில் தொடங்கிவிட்டது. அந்தக் கார்களில் டர்போ கிடையாது. ஆனால் அவற்றின் பேட்டரிக்குள்ளும் கூலன்ட் ஓடுகிறது. அங்கும் லைன் உண்டு, காற்று தங்கும், தவறான தண்ணீர் ஊற்றினால் கெடும். ஆகவே இதைக் கற்றுக்கொள்ளும் இளைஞனின் உழைப்பு வீண்போகாது. கோரம்பள்ளம் அரசு ஐ.டி.ஐ. போன்ற இடத்தில் பட்டறைக்காரர்களுக்கு இரண்டு மாலை வகுப்பு நடத்தினால் பெரிய மாற்றம் வரும் என்று நம்புகிறேன். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கெட்டுப்போன ஒரு பெட்ரோல் டர்போவின் நடுக்கூட்டைக் குறுக்கே அறுத்து மேசையில் வைத்தால் போதும். ஆயில் பாதையில் ஒட்டிய கரியையும், பக்கத்து அறைச் சுவரில் வெள்ளையாகப் படிந்த சுண்ணாம்பையும் அவர்கள் தங்கள் விரலாலேயே சுரண்டிப் பார்க்கட்டும்.